முளை அடித்தவரும் பிடுங்கியவரும்

சாலைத் துறை அலுவலகத்தில் அவரை எல்லோரும் ‘முளை’ என்றே கூப்பிட்டார்கள். சம்பளப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். முப்பத்தொரு வருஷமாக அவர் செய்த வேலை ஒன்றுதான். புதிதாகச் சாலை போட வேண்டுமென்றால், அளப்பவர்கள் கருவியில் கண்ணை வைத்துக்கொண்டு கையை ஆட்டுவார்கள். கை நிற்கிற இடத்தில் இவர் ஒரு மர முளையை ஊன்றிச் சம்மட்டியால் அடிப்பார். முளையின் தலையில் சிவப்புப் பெயின்ட், அதன் கீழே இவர் கையால் எழுதிய எண். மூன்றே அடியில் முளை முழங்கால் ஆழம் இறங்கிவிடும். நாலாவது அடி அடித்ததாகச் சரித்திரம் இல்லை.

“முளைக்கும் மூளைக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். அந்தச் சுழி உங்களுக்கு விழாம போச்சு” என்று தலைமை கிளார்க் வாரத்துக்கு ஒரு தடவை சொல்வார். இவரும் வாரத்துக்கு ஒரு தடவை புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பார். கோபப்படத் தெரியாத மனிதர். அந்த வட்டாரத்தில் ஓடுகிற எந்தப் பஸ்ஸில் ஏறினாலும், சக்கரத்துக்கு அடியில் எங்கோ தன் முளை ஒன்று புதைந்திருக்கிறது என்ற நினைப்பே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அவர் மனைவி அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அலுவலகத்து மெஷின் ரிப்பேராகிப் பல வருஷம் ஆனதால், ஊரின் ரகசியமெல்லாம் அந்த அம்மாளின் கண்ணாடித் தட்டில்தான் குப்புறப் படுத்து எழுந்தன. ஐம்பத்தைந்து வயது, நாற்பத்தாறு கிலோ. மெஷின் மக்கர் பண்ணினால் இடுப்பில் ஒரு தட்டுத் தட்டி ஓடவைப்பார். வீட்டுக்காரரையும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது முளைக்கு அந்த வேலை வந்தது. ஊரின் கடைசித் தெரு முடிகிற இடத்தில் காடு ஆரம்பிக்கும். அந்தக் காட்டுக்குள்ளே பதினாலு கிலோமீட்டர் புதுச் சாலை. மறுபக்கத்து ஊருக்கு அரைமணி நேரம் மிச்சம் என்றார்கள். பாதை வெட்டும்போது விழுகிற மரமெல்லாம் ஒரு மரக் காண்டிராக்டருக்கு.

முதல் நாள் நாற்பது முளை அடித்தார். இருபது மீட்டருக்கு ஒன்று. மறுநாள் காலை போய்ப் பார்த்தால் நாற்பது குழிகள் இருந்தன. முளை ஒன்றைக்கூடக் காணோம்.

“காட்டுப் பன்னி” என்றார் இளம் இன்ஜினியர். எல்லாவற்றுக்கும் உடனே ஒரு பதில் வைத்திருக்கிற பிள்ளை.

“பன்னி கிழங்கைத் தோண்டும் சார். பெயின்ட் அடிச்ச குச்சியை என்ன பண்ணும்?”

“அப்ப குரங்கு.”

“குரங்குன்னா ரெண்டு தப்படியில தூக்கிப் போட்டுட்டுப் போயிருக்கும். ஒண்ணாவது கண்ணுல படணுமே சார்.”

இன்ஜினியர் யோசித்தார். கடைசியில் அறிக்கையில் ‘இனம் தெரியாத விலங்கு’ என்று எழுதி அனுப்பினார்கள். அடுத்த நாளும் அதே கதை, அதற்கடுத்த நாளும் அதே கதை. பதினோரு நாள் முளை அடிப்பதும் குழி பார்ப்பதுமாகப் போனது. சோறு இறங்கவில்லை அவருக்கு. பத்தாம் நாள், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக நாலாவது அடி அடித்தார். பதினோராம் நாள் காலையில் அதுவும் போயிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், அவரைக் கொடி நன்றாக ஏறியிருக்கிறதே என்று இலையை விலக்கிப் பார்த்தார். கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்த குச்சியின் தலை சிவப்பாக இருந்தது. கீழே எண், அவர் கையெழுத்து. பக்கத்துக் குச்சியிலும், அதற்குப் பக்கத்துக் குச்சியிலும் அதேதான். வரிசைக்கிரமமாக வேறு நட்டிருந்தார்கள்.

“ஏம்மா!” என்று போட்ட சத்தத்தில் வேலியில் உட்கார்ந்திருந்த காக்கை பறந்தது.

மனைவி வந்தார். பார்த்தார். மறைக்க எதுவும் மிச்சமில்லை என்று தெரிந்ததும் இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

“டாக்டர் சர்க்கரைக்குக் காலையில நடக்கச் சொன்னாருல்ல?”

“நடக்கத்தானே சொன்னாரு? பிடுங்கவா சொன்னாரு?”

“போற வழியில இருந்தது, பிடுங்கினோம். நானும் எங்க அக்காவும் ஸ்கூல் பி.டி. டீச்சரும். ஆனா ஒண்ணு கேக்கணும். அறிக்கை என் கடைக்குத்தானே காப்பி எடுக்க வந்துச்சு? என்னையா இனம் தெரியாத விலங்குன்னு எழுதினீங்க?”

கோபப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் வாயிலிருந்து வந்த கேள்வி வேறு. “என் முளையை எப்படிப் பிடுங்கினீங்க? முழங்கால் ஆழமாச்சே!”

“பல்லு மாதிரிதான். நாலு பக்கமும் ஆட்டணும். அக்கா நர்ஸா இருந்தவங்க, அவங்க காட்டிக் கொடுத்தாங்க. ஒண்ணு மட்டும் சிரமப்பட்டுப் போச்சு. நாலு அடி அடிச்சீங்களா அதை?”

அவர் துணிக்கூடை மேலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு தாளை எடுத்து வந்து அவர் மடியில் விரித்தார். புதுச் சாலையின் வரைபடம். காப்பி எடுக்க வந்தபோது தனக்கென்று ஒன்று கூடுதலாக எடுத்து வைத்திருந்தார். அதன்மேல் சட்டைப் பொத்தான்கள் ஒட்டியிருந்தன. காட்டில் பெருமரங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று நடந்து பார்த்து ஒட்டியவை. நேராகப் போனால் ஒன்பது கிலோமீட்டரில் முடிகிற சாலை, ஒவ்வொரு பொத்தானையும் தேடிப் போய்த் தொட்டுவிட்டு நகர்ந்தது.

“இது ரோடா, மரங்கொத்தியா? மரத்துக்கு மரம் தாவுது பாருங்க!”

முப்பத்தொரு வருஷம் அவர் வரைபடத்தில் பார்த்தது எண்களை மட்டும்தான். பொத்தான்களோடு பார்த்தது இப்போதுதான். செருப்பை மாட்டினார். “எங்கே இருக்கு? காட்டு” என்றார்.

அவர் தினமும் போய்வந்த அதே வழிதான். ஆனால் தரையைப் பார்த்தே நடந்து பழகிய கழுத்து அவருடையது. பழைய குழி ஒன்றின் பக்கத்தில் மனைவி நிறுத்தி, மோவாயைப் பிடித்து மேலே தூக்கினார். ஐந்து பேர் கைகோத்தாலும் சுற்றிவர முடியாத மரம். வெட்டுவதற்குச் சுண்ணாம்பில் எண் போட்டிருந்தது. மேலே ஒரு பொந்து. அதன் வாய் முழுக்க மண் பூசி அடைத்து, விரல் நுழைகிற அளவு இடைவெளி மட்டும் விட்டிருந்தது.

“இருவாச்சிப் பறவை. பொம்பளை உள்ளே இருக்கு, முட்டை போட்டு. குஞ்சு பெருசாகிற வரைக்கும் வெளியே வராது.”

சொல்லி முடிப்பதற்குள் மேலே நீராவி எஞ்சின் போலச் சத்தம் கேட்டது. ஆண் பறவை வந்து கிளையில் இறங்கியது. மண்டையில் தொப்பி, மஞ்சள் அலகு, கல்யாண வீட்டு மேனேஜர் மாதிரி ஒரு பரபரப்பு. தொண்டையிலிருந்து அத்திப்பழத்தை ஒவ்வொன்றாக எடுத்து இடைவெளிக்குள் நீட்டியது. உள்ளேயிருந்து ஒரு அலகு நுனி வாங்கிக்கொண்டது.

“வீட்டுக்காரன்னா இவன்” என்றார் மனைவி.

“நான் மட்டும் சும்மாவா? பால் வாங்கிட்டு வரலையா?”

“மூணு மாசம் நான் அறைக்குள்ளேயே இருந்தா தெரியும் சேதி.”

ஆண் பறவை நாலு தடவை வந்துபோகும் வரை இருவரும் கழுத்து வலிக்க நின்றார்கள். பிறகு திரும்பி நடந்தார்கள். கடைசித் தெரு வந்ததும் அவர் நின்றார்.

“இனிமே யாரும் பிடுங்கக் கூடாது” என்றார்.

மனைவியின் முகம் சுருங்கியது.

“பிடுங்கினா மறுபடி அடிப்பாங்க. நான் இல்லைன்னா இன்னொருத்தன். பிடுங்கிப் பிரயோஜனமில்லை. அடிக்கணும். தப்பா அடிக்கணும்.”

அந்த அம்மாள் நடுத்தெருவில் கைதட்டிவிட்டார்.

இளம் இன்ஜினியருக்குக் காலில் அட்டை ஏறுகிற இடம் பிடிக்காது. ஆரம்பத்தில் இரண்டு முளைக்குக் கருவியை வைத்துத் திசை கொடுத்துவிட்டு, “மீதியை நீங்களே பார்த்து அடிச்சிருங்க. உங்களுக்குத் தெரியாததா?” என்று ஜீப்புக்குப் போய்விடுவார். முளையின் கை அத்தனை நம்பகமானது. அந்தக் கையைத்தான் இப்போது முளை பயன்படுத்தினார். பழைய காலண்டரின் பின்பக்கம் கணக்குப் போட்டார். ஒவ்வொரு முளையையும் ஒரு முழம் இடப்பக்கம் தள்ளினால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இருநூற்றைம்பது முளையில் வட்டம் முழுசாகும்.

இரண்டு வாரம், பள்ளிக்கூடத்தில் மாங்காய் திருடுகிற பையனின் மனசோடு வேலைக்குப் போனார். சம்மட்டி காற்றுபோல இருந்தது. அடிக்கும்போது பாட்டு வந்தது. முளைகளும் நட்ட இடத்தில் நின்றன. “பன்னி வேற காட்டுக்குப் போயிருச்சு போல” என்று இன்ஜினியர் சந்தோஷப்பட்டார். சாயங்காலம் வீட்டில் மனைவி கதவைத் திறந்ததும் கேட்பது ஒரே கேள்வி. “எந்தப் பக்கம் பார்த்து நிக்குது இப்ப?” அவர் கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் காட்டுவார். கை முதுகுப் பக்கம் போன அன்றைக்கு இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்ன விசேஷம் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பெரிய இன்ஜினியர் பார்வையிடும் நாளும் வந்தது. குடையும் கனத்த உடம்புமாக அவர், கூடவே மரக் காண்டிராக்டர், இளம் இன்ஜினியர். முன்னால் அரிவாளோடு முளை. ஜீப்பைக் காட்டு வாயில் விட்டுவிட்டு முளை வரிசையைப் பிடித்து நடந்தார்கள். எண்கள் ஒழுங்காக ஏறிக்கொண்டே வந்தன. காண்டிராக்டர் மரங்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பெரிய இன்ஜினியர் மூன்று இடத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். இரண்டரை மணி நேரம் கழித்து மரங்கள் விலகி வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சத்தில் ஒரு ஜீப் நின்றது.

“அட, அந்தப் பக்கத்துல இருந்தும் வண்டி வர்ற வழி இருக்கா? அப்ப வேலை சுலபமாச்சே!” என்றார் பெரிய இன்ஜினியர். “யாரோட வண்டி இது?”

வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் பதறி எழுந்து கதவைத் திறந்துவிட்டார். “உங்களுதுதான் சார்.”

காண்டிராக்டர் நம்பர் பிளேட்டைக் குனிந்து பார்த்தார். இளம் இன்ஜினியர் வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பினார், பிறகு நேராகத் திருப்பினார். முளைக்கு முதலில் இருமல் போலத்தான் வந்தது. அடக்கப் பார்த்தார். வயிறு குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது, அரிவாளைக் கீழே போட்டுவிட்டு ஜீப்பின் பானெட்டில் சாய்ந்து அவர் சிரித்ததைப் பார்த்து டிரைவரும் விஷயம் தெரியாமலே சேர்ந்துகொண்டார்.

பெரிய இன்ஜினியர் கெட்டவரில்லை. மறுநாள் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். “எட்டு மாசம்கூட இல்லை உங்களுக்கு. கண்ணு மங்கிப்போச்சுன்னு எழுதிக் கொடுங்க. மெடிக்கல் லீவுல போயிருங்க. நான் விட்டுடறேன்.”

தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். தலையாட்டத்தான் நினைத்தார். ஆனால் தொழில் கர்வம் விடவில்லை.

“கண்ணுக்கு ஒண்ணும் இல்லை சார். இருநூத்தம்பது முளை, ஒவ்வொண்ணும் கச்சிதமா ஒரு முழம். கண்ணு தெரியாதவன் அடிச்சிருந்தா வட்டம் வந்து சேர்ந்திருக்குமா?”

சஸ்பெண்ட் உத்தரவை எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில்தான் மூன்று பிரதி எடுத்தார்கள். அந்த அம்மாள் நாலு எடுத்தார்.

காண்டிராக்டருக்குப் பொறுமை போய்விட்டது. சாலை எந்தப் பக்கம் போனால் என்ன, சுண்ணாம்பு எண் போட்ட மரமெல்லாம் தன்னுடையது என்று ரம்பக்காரர்களையும் இயந்திரத்தையும் கொண்டுவந்து இறக்கினார். இரண்டு நாளில் காட்டு வாயில் நாற்பத்து மூன்று மரங்கள் விழுந்தன. விழுகிற சத்தம் கடைசித் தெருவின் ஜன்னல் கண்ணாடிகளில் கேட்டது. அந்த இரண்டு நாளும் முளை வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாம் நாள் ராத்திரி அக்கா, பி.டி. டீச்சர், தெருக்காரர்கள் என்று எல்லோரும் ஜெராக்ஸ் கடையில் கூடினார்கள். மரங்களில் பெரிய ஆணிகளை அடித்துவிடலாம், ரம்பம் உடையும் என்று ஒருவர் சொன்னார். மனைவியின் அக்கா உடனே கையை நீட்டித் தடுத்தார்.

“முப்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டர்ல நின்னவ நான். ரம்பம் ஆணியில பட்டுத் தெறிச்சா, கூலிக்கு அறுக்கிறவன் மூஞ்சிதான் போகும். காண்டிராக்டருக்கு ஒரு கீறல் விழாது. மரத்துல ஆணி வேண்டாம், ஆள் ஏறணும்.”

பி.டி. டீச்சருக்குக் கயிறு வேலை தெரியும். இருவாச்சி மரத்துக்கு முன்னால், இயந்திரம் நுழைந்தாக வேண்டிய இடத்தில், வழிக்கு இரண்டு பக்கமும் நின்ற மரங்களைத் தேர்ந்தெடுத்தார். இரவோடு இரவாக, முப்பத்தைந்து அடி உயரத்தில் ஆளுக்கொரு பலகை. இரண்டு பலகையையும் ஒரே கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. எந்த மரத்தைச் சாய்த்தாலும் மற்றதில் இருப்பவரும் விழுவார். ஒன்றில் டீச்சர். மற்றதில் யார் என்ற கேள்வியே எழவில்லை. நாற்பத்தாறு கிலோ எல்லோருக்கும் தெரியும்.

விடிந்து ரம்பக்காரர்கள் வந்தபோது மேலேயிருந்து ஜெராக்ஸ் கடை அம்மாளின் குரல் வந்தது. “வாங்கப்பா, சாப்பிட்டீங்களா?”

சஸ்பெண்டில் இருந்தவருக்குக் கீழே இருபத்துநாலு மணி நேர வேலை. வாளியில் சாப்பாடு கட்டி மேலே அனுப்புவார், காலி டப்பா இறங்கும். குடும்பப் பேச்செல்லாம் ஊரறிய நடந்தது.

“மாத்திரை போட்டியா?”

“போட்டேன்! காஸ் சிலிண்டர் சொன்னீங்களா?”

“மறந்துட்டேன்!”

“அதானே பார்த்தேன்!”

இரண்டாம் நாளுக்குள் ரம்பக்காரர்களே “அண்ணே, அம்மா மாத்திரை போட்டாச்சா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். இயந்திரம் ஓட்டுபவர் தன் குடையை வாளியில் வைத்து அனுப்பினார். மழை பெய்தது. காண்டிராக்டர் மைக்கில் கத்திப் பார்த்தார். மேலேயிருந்து, “கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, கேக்கலை” என்று பதில் வந்தது.

நாலாம் நாள் டீச்சருக்குக் காய்ச்சல் கொதித்தது. அக்கா வாளியில் தெர்மாமீட்டர் அனுப்பிப் பார்த்துவிட்டு, இறங்கிப் படுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஒரு பலகை காலியானால் யார் வேண்டுமானாலும் ஏறிக் கயிற்றை அவிழ்த்துவிடலாம், அது காண்டிராக்டருக்கும் தெரியும். அவர் ஆட்கள் கிட்டே வர ஆரம்பித்தார்கள். முளை நூலேணியைப் பார்த்தார். மொட்டை மாடியில் வடாம் காயவைக்கக்கூட ஏறாத மனிதர் அவர். செருப்பைக் கழற்றினார்.

“என்னங்க, வேண்டாங்க!” என்றார் மனைவி எதிர் மரத்திலிருந்து.

“கண்ணை மூடிக்கிறேன். நீ சொல்லு.”

“வலது கால்... மேலே... அது இடது கால்! இன்னும் ஒரு படி. நிறுத்தாதீங்க. கயித்தைக் கடிக்காதீங்க, பிடிங்க!”

கீழே ரம்பக்காரர்கள் ஒன்று, இரண்டு என்று படிகளை எண்ணினார்கள். காண்டிராக்டரின் ஆட்களும் வேலையை மறந்து எண்ணினார்கள். முப்பத்தெட்டாவது படியில் அவர் பலகையில் குப்புற விழுந்து அதைக் கட்டிக்கொண்டார். டீச்சர் அவர் இடுப்பில் வாரைப் பூட்டிவிட்டு இறங்கினார்.

வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. “தரை எங்கேம்மா?”

“கீழேதான் இருக்கு. ஓடிப்போகலை. மேலே பாருங்க.”

திறந்தார். காலுக்குக் கீழேயும் தலைக்கு மேலேயும் காடு. பச்சையில் இத்தனை தினுசா! தலை கிறுகிறுவென்று சுற்றியது, அந்தச் சுற்றலே சந்தோஷமாக இருந்தது. ஊஞ்சலை உச்சிக்கு ஆட்டிவிட்ட குழந்தை மாதிரி ‘ஊ’ என்று கத்தினார். எதிர் மரத்திலிருந்து அவர் மனைவியும் கத்தினார். கயிறு இரண்டு பேருக்கும் நடுவில் ஆடியது. இயந்திரம் ஓட்டுபவர் எஞ்சினை நிறுத்திச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “இனிமே என்னால ஆகாது முதலாளி” என்றார். ரம்பக்காரர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

எதிரெதிர் மரத்தில் உட்கார்ந்திருந்த கணவன் மனைவியின் படம் செய்தித்தாளில் வந்தது. பக்கத்திலேயே பொத்தான் ஒட்டிய வரைபடமும் வந்தது. மரங்கொத்தி போலத் தாவுகிற அந்தக் கோட்டுக்கு யாராலும் விளக்கம் சொல்ல முடியவில்லை. ஆறாம் நாள் மதியம், அக்கா போட்டிருந்த மனுவில் நீதிமன்றம் வேலைக்குத் தடை போட்டது. அக்கா உத்தரவை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். மனைவி அணில்போல இறங்கிவிட்டார். முளையால் முடியவில்லை. ஏறியது எப்படியென்றே அவருக்கு ஞாபகமில்லை. தீயணைப்பு வண்டி வந்து ஏணி போட்டு, மூட்டையைப்போல இறக்கியது. தரையில் கால் வைத்ததும் தரை ஆடுகிறது என்று மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

ஏணிக்குப் பக்கத்திலேயே போலீஸும் நின்றது. ஸ்டேஷனில் ஏட்டு எழுதிக்கொண்டே கேட்டார்.

“உங்க தொழில்?”

“முளை அடிக்கிறது.”

“நீங்க என்னம்மா பண்றீங்க?”

“அதைப் பிடுங்குறது” என்றார் மனைவி. ஏட்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

சாலை கடைசியில் காட்டை விட்டு வெளியே, ஆற்றோரமாகப் போடப்பட்டது. பதினோரு கிலோமீட்டர் கூடுதல். அந்த வழியில் போகிற பஸ் கண்டக்டர் இன்றைக்கும் அவர்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இளம் இன்ஜினியரின் பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப்போனது. அதற்காக முளை அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். ஓய்வு பெற்ற நாளில் இவருக்கு மாலையுமில்லை, கூட்டமுமில்லை. தலைமை கிளார்க் மட்டும் கடைக்கு வந்து, “அந்தச் சுழி விழுந்துருச்சு போலிருக்கே” என்று சொல்லிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். விழுந்த நாற்பத்து மூன்று மரங்களின் அடிக்கட்டைகளைப் பார்க்க மனமில்லாமல் முளை இன்னும் அந்தப் பக்கம் போவதில்லை.

வழக்கு மூன்று வருஷம் நடந்தது. அரசு வேலைக்கு இடையூறு, அரசுச் சொத்தான முளைகளுக்குச் சேதம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் சாப்பாடு கட்டிக்கொண்டு, ஜன்னல் சீட் பிடித்துப் போய்வந்தார்கள். கடைசியில் மாஜிஸ்திரேட் அம்மாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். குற்றம்தான். தண்டனை, கோர்ட் கலையும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சாய்வதற்கு முதுகுப் பலகை இருந்தது, மேலே மின்விசிறி ஓடியது. மழை இல்லை, அட்டை இல்லை.

“ஆறு நாள் மரத்துல உக்காந்ததுக்கு, பெஞ்சுல அஞ்சு மணி நேரம் தண்டனையாம்” என்று அவர் காதோரம் மனைவி சொன்னார். அவருக்கு அந்த இருமல் ஆரம்பித்தது. மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். பெஞ்சு குலுங்கியது.

டவாலிச் சேவகர் விறுவிறுவென்று வந்தார். “இங்கே சிரிக்கக் கூடாது!”

“சரிங்க” என்றார்கள் இருவரும் ஒரே குரலில். மறுபடியும் தொடங்கிவிட்டது.